பாலைவன மணலில் போட்ட கான்கிரீட் உறைபனியைத் தாங்குமா?

கேள்வி: திருவொற்றியூர்க்காரர்

எண்ணூர்க் கடற்கரையோரம் கட்டுமான மேற்பார்வை செய்துவந்த எனக்கு, லடாக்கின் நூப்ரா பள்ளத்தாக்கில் சிறு பாசனக் கால்வாய் ஒன்றைக் கட்டும் பணி வந்திருக்கிறது. அங்கே ஹுண்டர் பக்கம் குன்று குன்றாகக் கிடக்கும் மணலையே கலவையில் சேர்க்கலாம் என்கிறார்கள். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிப்பதைத் தவிர வேறு சேதத்தை நான் கண்டதில்லை. அந்த மணலில் போட்ட கான்கிரீட் உறைபனியில் எத்தனை ஆண்டு நிற்கும்?

பதில்: தண்டையார்பேட்டை ஆய்வகம்

ஐயா, மணலின் பருமனை முதலில் பாருங்கள். கான்கிரீட் மணல், ஜல்லிக்கான இந்தியத் தர விதிநூல் ஐ.எஸ். 383 மணலைப் பருமன்படி பிரிக்கும் நான்கு மண்டலங்களில் மிக நைசான நான்காம் மண்டலத்திலேயே, 300 மைக்ரான் (0.3 மில்லிமீட்டர்) கண் சல்லடையில் 15 முதல் 50 விழுக்காடுதான் இறங்கலாம். காற்று அடித்துக் குவித்த மணலோ பெரும்பாலும் முழுவதுமே இறங்கிவிடும். நைஸ் மணலுக்குப் பரப்பு அதிகம் என்பதால் அது தண்ணீரை அதிகம் கேட்கும். கேட்டபடி ஊற்றினால் காரையில் நுண்துளைகள் பெருகி, அவற்றில் தங்கும் நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிந்து உள்ளிருந்தே பிளக்கும். இதைத் தடுப்பவை, ஒன்றுக்கொன்று சுமார் 0.2 மில்லிமீட்டருக்கு மேல் விலகாமல் பரவியிருக்கும் நுண்காற்றுக் குமிழிகள். 150 மைக்ரானுக்குக் கீழான தூள் கூடினால், இக்குமிழிகளை உண்டாக்கக் கலவையில் சேர்க்கும் காற்றூட்டும் மருந்தை அதே அளவு போட்டாலும் குமிழிகள் குறைந்துவிடும். ஆகவே முழு மாற்றாக வேண்டாம். பருமணலோடு சிறு பங்காகக் கலந்து, தண்ணீரைக் கூட்டாமல் பிளாஸ்டிசைசர் என்னும் இளக்க மருந்தால் இளக்கம் கொடுங்கள். அப்படிச் செய்தால் அந்த நைஸ் மணல் இடைவெளிகளை நிரப்பி நன்மையும் செய்யும்.

பதில்: ராயபுரம், ஓய்வுபெற்ற பொறியாளர்

கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 456:2000 கடல்நீர்த் தெறிப்பையும், ஈரத்தோடு கடுமையாக உறைவதையும் 'மிகக் கடுமை' என்ற ஒரே வரிசையில் வைத்திருக்கிறது. இரண்டுக்கும் குறைந்தது எம் 35 வலிமைத் தரம், அதிகபட்ச நீர்-சிமெண்ட் எடை விகிதம் 0.45, கம்பியின் மேல் 50 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் கனம்). இதைப் பார்த்து எண்ணூர்க் கலவையையே அங்கே கொண்டுபோய்விடாதீர்கள். கவர் கம்பியைத்தான் காக்கும் (நம் மேஸ்திரிகள் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லியைச் செருகாதவரை). உறைபனி தின்பது காரையையே. எம் 50-க்குக் கீழான கலவையில், 20 மில்லிமீட்டர் ஜல்லிக்கு 4 முதல் 6 விழுக்காடு காற்று வேண்டும் என்று அதே விதிநூல் தனியே கூறுகிறது.

ஆண்டுக் கணக்கை மணலை மட்டும் வைத்து யாராலும் தர முடியாது. கான்கிரீட்டை மாறி மாறி உறையவைத்து உருகவைக்கும் அமெரிக்கத் தரச் சோதனையான ஏ.எஸ்.டி.எம். சி 666-இன் 300 சுழற்சிகளைக் குளிர்காலங்களாக எண்ணிவிடக் கூடாது; பகலில் உருகி இரவில் உறையும் இடத்தில் ஒரே பருவத்தில் பல சுழற்சிகள் கழிந்துவிடும். கால்வாயில் நீர்மட்டம் ஏறி இறங்கும் பட்டைதான் எப்போதும் நனைந்திருப்பதால் முதலில் உதிரும்.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா. குளிர்காலத்துக்கு முன் கால்வாயை வடித்து உலரவிட முடியுமா என்று கேட்டிருக்கிறேன். மணல் மாதிரியைச் சல்லடையிட்டு, கம்பியைத் துருப்பிடிக்கவைக்கும் குளோரைடு உப்பும் பார்க்கச் சொல்லிவிட்டேன். கம்பி போட்ட கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு குளோரைடு 0.6 கிலோவைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு மட்டும் எனக்கு எண்ணூரிலேயே மனப்பாடம்.