ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகர வானத்தில் விண்கல் வெடித்த அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

2013 பிப்ரவரி 15, வெள்ளிக்கிழமை. செல்யாபின்ஸ்கில் மருத்துவம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். காலை 9.20 இருக்கும், ஹாஸ்டல் அறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று சுவரெல்லாம் வெளுத்தது. ஜன்னல் சட்டத்தின் நிழல் தரையில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடியது.

ஓடிப்போய்ப் பார்த்தால் வானத்தில் தடித்த வெண்புகைக் கோடு. சத்தமே இல்லை. தூங்கிக்கொண்டிருந்த பக்கத்து அறைத் தம்பியையும் எழுப்பிக் கூட்டிவந்தேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஜன்னலோரமே நின்றிருப்போம், அப்புறம்தான் இடித்தது. கண்ணாடி அப்படியே உள்ளே வந்து கொட்டியது. அவனுக்கு நெற்றியில் நாலு தையல். நான் எழுப்பாமல் விட்டிருக்கலாம் என்று இன்றும் தோன்றும்.

வெடித்தது சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில். வெளிச்சம் உடனே வந்துவிட்டது, சத்தம் வந்துசேரத்தான் அவ்வளவு நேரம்; மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுவோமே, அதே கணக்குதான். அன்று காயப்பட்ட ஏறக்குறைய 1,500 பேரில் பெரும்பாலோரைக் கிழித்தது கண்ணாடிதான். ஒரு பள்ளி ஆசிரியை வெளிச்சத்தைப் பார்த்ததும் 44 பிள்ளைகளை மேசைக்கடியில் போகச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் தப்பித்தார்கள், அவருக்குத்தான் வெட்டு. அந்தச் செய்தியைப் படித்து அழுதுவிட்டேன்.

பதில்:
அண்ணா, நான் அப்போது 200 கிலோமீட்டர் வடக்கே யெகாத்தரின்பர்க்கில். எங்களுக்கு வெளிச்சம் மட்டும்தான். முதலில் ஏவுகணை என்றார்கள், விமானம் என்றார்கள். அன்றைக்கே பூமியை ஒட்டிக் கடந்த 2012 டிஏ14 சிறுகோளின் துண்டு என்றும் பேச்சு. ஆனால் இரண்டும் வந்த திசையே வேறு.

நீங்கள் பார்த்தீர்களே ஓடிய நிழல், அதுதான் பெரிய சாட்சி. சதுக்கத்துக் கேமராவில் விளக்குக் கம்பங்களின் நிழல் திரும்பியதை அளந்து, கொலம்பியாவில் இருந்த இரண்டு வானியலாளர்கள் அது வந்த பாதையைக் கணக்கிட்டார்கள். அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்கும் கருவிகள் காதுக்குக் கேட்காத அதன் ஒலியை அண்டார்டிகாவரை பிடித்திருந்தன. சுமார் 20 மீட்டர் கல், நொடிக்கு 19 கிலோமீட்டர் வேகம் என்று கணக்கு வந்தது.

1908இல் சைபீரியாவின் துங்குஸ்காவில் இதேபோல் வானத்தில் வெடித்தபோது இந்த வசதி எதுவும் கிடையாது. அதை ஆராயப் போன விஞ்ஞானி குலிக் அங்கே போய்ச் சேர்ந்ததே 1927இல். 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு சாய்ந்து கிடந்தது, பள்ளமும் இல்லை, கல்லும் இல்லை. வால்மீனா சிறுகோளா என்ற வாதம் அதனால்தான் இவ்வளவு நீண்டது.

பதில்:
உண்மைதான் தங்கச்சி, எங்களுக்குக் கல் கிடைத்தது. அக்டோபரில் செபர்குல் ஏரியிலிருந்து தூக்கினார்கள், தராசு 570 கிலோ காட்டியதும் பழுதாகிவிட்டது. அருங்காட்சியகத்துக்குத் தம்பியோடு போயிருந்தேன். கருகிய தோல், உடைந்த இடத்தில் சாம்பல் நிறம். அவன் ரொம்ப நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றான்.