ஹாஸ்டலில் அழும் மகளுக்கு என்ன சொல்ல?

வணக்கம். மகள் தென்காசி பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்தவள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கோவையில் இன்ஜினியரிங் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. ஃபீஸ் கவலை இல்லை, அரசே கட்டுகிறது. ஆனால் தினமும் போன் போட்டு அழுகிறாள். கிளாஸில் எல்லாம் இங்கிலீஷாம். சிரித்துவிடுவார்களோ என்று சந்தேகமே கேட்பதில்லை. மெஸ்ஸில் தனியாக உட்காரக் கூச்சப்பட்டு ராத்திரி பிஸ்கட்டோடு முடித்துக்கொள்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை.

"வந்துடட்டுமாம்மா?" என்கிறாள். அவள் அப்பாவோ, "பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு" என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம் என்றேன், "எனக்கென்ன பைத்தியமா?" என்று கோபித்துக்கொண்டாள்.

தமிழ் மீடியத்திலிருந்து போய் முதல் செமஸ்டரைத் தாண்டியவர்கள் சொல்லுங்கள், எப்போது பழகியது? வாரா வாரம் ஊருக்குக் கூப்பிடலாமா, கூடாதா?