குன்னூர் மேல் லைன் குழு: ஹால்ல டார்ட்ஸ் போர்டு

சனிக்கிழமை

காலை 8:05
சகாயம் (ஹால் சாவி): கேரம் மேசைக்குப் பக்கத்துல காலியா இருக்கற இடத்துல டார்ட்ஸ் போர்டு (கூர் முனை டார்ட்டை எறிஞ்சு விளையாடற வட்டப் பலகை) மாட்டலாம்னு போன கூட்டத்துல முடிவாச்சு. திங்கக்கிழமை வண்டி கோயம்புத்தூர் இறங்குது. என்னென்ன வாங்கணும்னு விவரம் தெரிஞ்சவங்க இன்னிக்கே சொல்லிடுங்க.

8:09
தினேஷ்: வாங்கறதுதான் வாங்கறோம், இப்ப வர்றதையே வாங்கிடலாம் அண்ணா. கேமரா வெச்சு தானா ஸ்கோர் போடறது, சுத்தி எல்இடி வளையம், கழட்டி மாட்டற பாயின்ட் (டார்ட்டோட இரும்பு முனை) எல்லாமே.

8:16
போஜன் மாமா: தினேஷு, முதல்ல போர்டு. கடையில கேட்டா காகிதச் சுருள்ல செஞ்சதைத்தான் முதல்ல எடுத்துக் காட்டுவாங்க. அது வேண்டாம். குத்தின ஓட்டை மூடாது, நம்ம ஊரு ஐப்பசி மழைக்கு ஊறி உப்பிடும். கத்தாழை நார் போர்டுன்னு கேட்டு வாங்கணும். அதுல நாரெல்லாம் முனை நம்மளைப் பாக்கற மாதிரி நிறுத்தி, வளையம் போட்டு இறுக்கியிருக்கும். பாயின்ட் நாரை விலக்கிட்டு உள்ள போகும், எடுத்ததும் நார் திரும்பச் சேர்ந்துக்கும்.

8:18
சகாயம் (ஹால் சாவி): அளவு?

8:18
போஜன் மாமா: குறுக்களவு 451 மி.மீ. எடை 5 கிலோ பக்கம் இருக்கும். தூக்கிப் பாத்தாலே காகிதமா நாரான்னு தெரிஞ்சுடும்.

8:24
தினேஷ்: எண் கட்டங்களைப் பிரிக்கற கம்பியையும் பாக்கச் சொல்லுங்க. பழைய மாதிரி போர்டுல உருண்டைக் கம்பி, அதை ஸ்டேபிள் அடிச்சு நிறுத்தியிருப்பாங்க. அதுல பட்டா டார்ட் துள்ளித் தரைக்கு வந்துடும். இப்ப வர்றதுல ஸ்டேபிளே கிடையாது. கம்பி மெல்லிசுத் தகடு மாதிரி, முன் விளிம்பு ரெண்டு பக்கமும் சாய்வா இருக்கும். பட்டாலும் வழுக்கிட்டு நாருக்குள்ளதான் போகும். 2022லேர்ந்து பிடிசி (தொழில்முறை டார்ட்ஸ் அமைப்பு) போட்டிகள்ல வின்மாவ் கம்பெனி போர்டுதான், அதுல பாத்தீங்கன்னா கம்பியே கண்ணுக்குத் தெரியாது.

8:27
போஜன் மாமா: அது சரி. புதுசா வந்ததுல காசு குடுத்து வாங்க வேண்டியது அதுதான்.

8:40
ரேவதி டீச்சர்: எந்தச் சுவத்துல மாட்டப் போறீங்க? கேரம் மேசைக்குப் பின்னால இருக்கறது மேட்டுப் பக்கச் சுவர். மண்ணை வெட்டி ஒட்டிக் கட்டினது. மழை பிடிச்சா சுண்ணாம்பு உதிரும்.

8:52
போஜன் மாமா: டீச்சர் சொன்னதுதான் இங்க முக்கியம். போர்டு எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் அந்தச் சுவத்துல மாட்டினா போச்சு. நார் ஈரத்தை இழுத்தா கம்பிக்கு நடுவுல முகம் புடைச்சுக்கும். உள்ள போன பாயின்டை நார் கவ்விக்கும். பலமா இழுக்கும்போது நாரும் சேர்ந்து பிச்சுக்கிட்டு வரும். அப்படிப் பிஞ்ச இடம் பெரும்பாலும் மும்மடங்கு 20 (20 கட்டத்துல மூணு மடங்கு கிடைக்கற சின்னப் பட்டை)தான், ஏன்னா எல்லாரும் அங்கதான எறியறோம்.

சமையல் ரூம் பக்கத்து உள்சுவத்துல மாட்டுங்க. சுவத்தோட ஒட்டவும் கூடாது. ஒரு அங்குலக் கட்டைச் சட்டம் ரெண்டு நெட்டுக்குத்தா அடிச்சு, அது மேல 18 மி.மீ. பிளைவுட், அது மேல போர்டு. பின்னால காத்து போகணும்.

8:55
ஷீலா அக்கா: போர்டைத் தண்ணி தெளிச்சு வெச்சா நல்லதுன்னு எங்க வீட்ல சொல்றாங்களே?

8:58
போஜன் மாமா: அது மரப் போர்டு காலத்துப் பழக்கம்மா. எல்ம் மரத்துல செஞ்சது காஞ்சா வெடிக்கும், அதனால ஊற வெப்பாங்க. கத்தாழை நாருக்குத் தண்ணி ஆகவே ஆகாது. அதுக்குன்னு ரூம் ஹீட்டரை நேரா காட்டவும் கூடாது. நார் ஒரேயடியா காஞ்சு சுருங்கினா நடுவுல கீறல் விழும், டார்ட் நிக்காது. பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினாலும் உள்ள வேர்க்கும். பழைய பருத்தித் துணி போதும். பூஞ்சை தெரிஞ்சா காஞ்ச பிரஷ்ல தட்டி விடுங்க. நீட்டிக்கிட்டு நிக்கற நாரைப் பிய்க்காதீங்க, கத்திரியால நறுக்குங்க.

9:03
ரேவதி டீச்சர்: ஸ்னூக்கர் விதியை 1882ல ஊட்டி கிளப்புல எழுதி மாட்டினதா சொல்வாங்க. டார்ட்ஸ்க்கு நீலகிரி குடுத்தது ஈரம் மட்டும்தான் போல 😄

9:20
ஜான்சன் (கரண்ட்): போஜன் அண்ணா, உயரம், தூரம் சொல்லுங்க. ஆணி அடிக்கற வேலை என் தலையிலதான வரும்.

9:31
போஜன் மாமா: நடு புல்லோட (போர்டு நடுவுல இருக்கற சின்ன வட்டம்) மையம் தரையிலேர்ந்து 173 செ.மீ. நின்னு எறியற கோடு 237 செ.மீ. இதைச் சுவத்துலேர்ந்து அளக்காதே, போர்டு முகத்துலேர்ந்து அளக்கணும். போர்டு கனம், பிளைவுட், சட்டம் எல்லாம் சேந்தா சுவரை விட்டு 8 செ.மீ. வெளிய வந்துடும். புல்லுக்கு நேர் முகத்துல நூல் வெச்சுத் தூக்குக்குண்டு விடு, குண்டு தொட்ட இடத்துலேர்ந்து 237. கடைசியா புல்லுலேர்ந்து கோட்டுக்குச் சாய்வா டேப் பிடி, 293 வரணும். வரலன்னா தரை மட்டம் சரியில்ல. நம்ம ஹால் தரை வாசலைப் பாத்துச் சரிவு, அதனால நிக்கற இடத்துத் தரைக்குத்தான் 173 கணக்கு.

9:33
தினேஷ்: நெட்ல 244னும் போட்டிருப்பான், அது பிளாஸ்டிக் முனை டார்ட் எறியற மின்னணு போர்டுக்கு. குழப்பிக்காதீங்க.

9:45
சகாயம் (ஹால் சாவி): சரி. டார்ட் எது?

9:58
தினேஷ்: டங்ஸ்டன். அது பித்தளையை விட ரெண்டு மடங்குக்கு மேல அடர்த்தி. அதே 22 கிராமுக்குப் பேரல் (விரல் பிடிக்கற உலோகப் பகுதி) ஒல்லியா வரும். மும்மடங்கு பட்டை அகலமே 8 மி.மீ.தான். பித்தளை ஒண்ணு குத்தி நின்னா அடுத்தது அது மேல இடிச்சு விலகும். டங்ஸ்டன் 90, 95, 97 சதவீதம் கலந்ததுன்னு இருக்கு.

10:02
போஜன் மாமா: பொதுவுக்கு 80 சதவீதமே போதும். 22 கிராம்ல ரெண்டு செட், 24ல ஒரு செட். பேரல்ல வரி நல்லா ஆழமா வெட்டியிருக்கணும். மார்கழிக் குளிர்ல விரல் காஞ்சு போயிருக்கும், வழவழப்பான பேரல் முன்னாடியே நழுவிக் கீழ விழும்.

10:11
தினேஷ்: மாமா, பாயின்ட் நீளம்? முன்ன 32 மி.மீ.தான் சாதாரணம். இப்ப 40 மி.மீ. பக்கம் போடறாங்க. பேரலுக்கும் போர்டுக்கும் நடுவுல இடம் கிடைக்குது, அடுத்த டார்ட் உள்ள நுழைய வழி இருக்கு. மேல வரி போட்ட பாயின்டும் வருது, நாரைப் பிடிச்சு நிக்கும், விழாது.

10:24
போஜன் மாமா: வரி போட்டது இங்க வேண்டாம். காஞ்ச ஊருக்கு அது சரி. ஈரத்துல ஏற்கனவே நார் கவ்வுது, வரியும் சேந்தா ஒவ்வொரு தடவையும் நாரைச் சுரண்டிக்கிட்டு வரும். வழவழப்பு, 35 மி.மீ. அதுக்கு மேல நீளம் போனா எடை முன்னுக்குப் போகும், புதுசா பழகறவன் கையிலேர்ந்து மூக்கு கீழ பாத்தே போகும். தரையில விழுந்தா வளையவும் செய்யும்.

கூர் தட்டற விஷயமும் சொல்லிடறேன். கம்பியில பட்டுப்பட்டு முனையில பிசிறு வரும், கொக்கி மாதிரி. விரல் நகத்துல இழுத்துப் பாத்தா மாட்டும். அதுதான் போர்டைத் தின்னும். சாணைக்கல்லுல முனையைச் சாய்ச்சு வெச்சு உருட்டி உருட்டித் தேய்க்கணும். ஊசி மாதிரி ஆக்கக் கூடாது, ஊசி முனை கம்பியில பட்டா உடனே மடங்கும். லேசா மழுங்கின உருண்டை முனைதான் நாள் வரும்.

10:27
தினேஷ்: கழட்டற பாயின்ட் (டார்கெட் கம்பெனி ஸ்விஸ் பாயின்ட் மாதிரி) இருந்தா சின்னச் சாவியால திருகி மாத்திடலாமே? சாதா பாயின்ட் அழுத்தி ஏத்தினது, மாத்த வைஸும் (இறுக்கிப் பிடிக்கற இடுக்கி) தனிக் கருவியும் வேணும்.

10:29
போஜன் மாமா: உன் சொந்த செட்டுக்கு வாங்கிக்கோ, நல்லதுதான். ஹால்ல வெச்சா முதல் வாரமே சாவி காணாமப் போகும்.

10:35
ஷீலா அக்கா: பின்னால இறக்கை மாதிரி இருக்குமே, அது?

10:41
தினேஷ்: ஃபிளைட் அக்கா. முதல்ல பழகறவங்களுக்குப் பெரிய சாதா வடிவம், அது காத்தைப் பிடிச்சு டார்ட்டை நேரா வெக்கும். இப்ப மடிக்கற தாள் ஃபிளைட்டுக்குப் பதிலா அச்சுல வார்த்தது வருது, நாலு இறக்கையும் 90 டிகிரியில நிக்கும். தண்டும் (பேரலையும் இறக்கையையும் சேக்கற குச்சி) இறக்கையும் ஒரே துண்டா வர்றதும் உண்டு. விலை கூட. தாள் ஃபிளைட் பத்து செட், நைலான் தண்டு பத்து, ரப்பர் வளையம் ஒரு பாக்கெட் வாங்கினா போதும். எறியறப்ப தண்டு தளர்ந்துக்கிட்டே வரும், ரப்பர் வளையம் போட்டா நிக்கும்.

11:10
ஜான்சன் (கரண்ட்): லைட். மேல ஒரு ஸ்பாட் மட்டும் போட்டா ஒவ்வொரு டார்ட்டுக்கும் கீழ நிழல் விழும், எங்க குத்தியிருக்குன்னே தெரியாது. போர்டைச் சுத்தி வளையம் போட்டா நிழலே கிடையாது. ரெடிமேட் வேண்டாம், 12 வோல்ட் எல்இடி பட்டையை வளையத்துக்கு உள்பக்கம் ஒட்டி நானே செஞ்சு தர்றேன். கேமரா ஸ்கோர் பத்தியும் பாத்தேன். ஆட்டோடார்ட்ஸ்னு இருக்கு, மூணு யுஎஸ்பி கேமரா, 120 டிகிரி இடைவெளியில அதே வளையத்துல மாட்டணும், ஒரு சின்ன கம்ப்யூட்டர் வேணும். ஒரு டார்ட் இன்னொண்ணை மறைச்சாலும் அடுத்த கேமரா பாத்துக்கும், அதுக்குத்தான் மூணு.

11:14
ஜான்சன் (கரண்ட்): எங்க சொதப்பும்னா, மூணையும் ஒரே யுஎஸ்பி ஹப்ல சொருகினா படம் நின்னு நின்னு வரும். போர்டை லேசா தட்டினாலே அளவைத் திரும்ப அமைக்கணும். சாயங்காலம் மேகம் உள்ள வந்தா லென்ஸ்ல ஆவி படியும், அப்ப 20ஐ 5ன்னு படிக்கும்.

11:22
ரேவதி டீச்சர்: கேமரா இப்பத்திக்கு வேண்டாம் சகாயம். பசங்க எடுத்த புள்ளியை 501லேர்ந்து பூஜ்யம் வர்ற வரைக்கும் கழிக்கட்டும், கடைசி டார்ட் இரட்டையில (ரெண்டு மடங்கு கிடைக்கற இடம்) முடிக்கட்டும். 170தான் மூணு டார்ட்ல முடிக்கற பெரிய எண். 169, 168, 166, 165, 163, 162, 159 மூணுல முடியாது. இதை யோசிச்சுக் கண்டுபிடிக்கறதுக்கு வாய்ப்பாடு பயிற்சி எதுவும் ஈடாகாது. கரும்பலகை நான் தர்றேன்.

11:25
தினேஷ்: டீச்சர், லூக் லிட்லர் 2025ல 17 வயசுலயே டார்ட்ஸ் உலக சாம்பியன் 😎 எங்க வயசுதான்.

11:26
ரேவதி டீச்சர்: அவனுக்கும் கழித்தல் வரும்டா.

11:40
ஷீலா அக்கா: சின்னக் குழந்தைங்க ஹால்ல ஓடுமே. இரும்பு முனை பயமா இருக்கு.

11:46
போஜன் மாமா: டார்ட் பெட்டி சகாயம் கையில, பூட்டி. பத்து வயசுக்குக் கீழ காந்த போர்டு தனியா. எறியற ஆளுக்குப் பின்னாலதான் எல்லாரும் நிக்கணும். கோட்டுலேர்ந்து சுவர் வரைக்கும் ரப்பர் விரிப்பு போடணும், டைல்ஸ் தரையில விழுந்தா முனையும் போகும், தெறிச்சுக் காலுலயும் படும். செருப்பில்லாம யாரும் எறியக் கூடாது.

12:02
சகாயம் (ஹால் சாவி): எழுதிக்கிட்டேன். நார் போர்டு ஸ்டேபிள் இல்லாதது 1, தண்டுக்கு ரப்பர் வளையம் 1 பாக்கெட், டங்ஸ்டன் 80 செட் 3, பாயின்ட் வழவழப்பு 35, ஃபிளைட் 10, தண்டு 10, சாணைக்கல், விரிப்பு, காந்த போர்டு. லைட் ஜான்சன். சரிதானா?

12:05
போஜன் மாமா: சரி. மாட்டினப்புறம் வாராவாரம் எண் வளையத்தைக் கழட்டி, போர்டைத் திருப்பி, 20 மறுபடி மேல வர்ற மாதிரி மாட்டணும். ரெண்டு ரெண்டு கட்டமாத்தான் திருப்பணும். ஒரு கட்டம் திருப்பினா 20 கறுப்புலேர்ந்து வெள்ளைக்குப் போயிடும்.

12:07
சகாயம் (ஹால் சாவி): ஞாயித்துக்கிழமை ஹால் பெருக்கும்போதே திருப்பிடறேன்.

12:09
ஜான்சன் (கரண்ட்): தூக்குக்குண்டு யார்கிட்ட இருக்கு?