டெண்ட்ரோபியத்துக்கு வேர் வரவில்லை, ஹார்மோன் அளவைக் கூட்டலாமா?

திருநகர் மாடி:
டெண்ட்ரோபியம் ஆர்கிட், மாடியில் பச்சை வலைக்குக் கீழே தொங்குகிறது. வேர் பாதிக்கு மேல் அழுகியிருந்ததால் வெட்டிவிட்டு, வெட்டிய நுனியில் எல்லாம் ஐ.பி.ஏ. 0.3% வேர் பவுடர் தடவிப் புதுக் கரியில் வைத்தேன். வேர் வரக் காணோம். அப்பா மிளகாய்க்குப் பூ உதிராமல் இருக்க அடிக்கிற என்.ஏ.ஏ. மருந்து வீட்டில் இருந்தது, 4.5% என்று போட்டிருக்கிறது, அதை லிட்டருக்கு 1 மில்லி கலந்து வாரா வாரம் ஊற்றுகிறேன். இப்போது கீழ் இலை மஞ்சளாகிறது, தண்டு சுருங்குகிறது, அடியில் அரிசி அளவு ஒரு முளை வந்து அப்படியே நிற்கிறது. அளவைக் கூட்டலாமா, இல்லை வேறு மருந்து உண்டா? ஊற்றுவது போர் தண்ணீர்தான்.

செடிப்பித்து:
இளநீர் ஊற்றிப் பாருங்க, ஆர்கிட் ஆய்வுக்கூடத்திலேயே அதைத்தான் சேர்க்கிறார்களாம்.

ஒத்தக்கடைக்காரன்:
கூட்டாதீங்க தம்பி, முதலில் நிறுத்துங்க. 4.5% மருந்தில் லிட்டருக்கு 1 மில்லி என்றால் 45 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கில் 45 பங்கு. மிளகாய்க்கே நாலரை லிட்டருக்கு 1 மில்லிதான், அதாவது 10 பி.பி.எம்., அதுவும் ஒரு பயிருக்கு இரண்டு தடவை அடித்தால் முடிந்தது. இந்த மருந்தும் உங்க வேர் பவுடரும் ஆக்சின் என்கிற ஹார்மோன் வகைதான். அது கொஞ்சமாக இருந்தால் வேரைத் தூண்டும், மிஞ்சினால் வேர் நீளுவதையே தடுக்கும், பக்க முளையைத் தூங்க வைக்கும், செடிக்குள் எத்திலீன் வாயுவைச் சுரக்க வைத்து இலையையும் பழுக்க வைக்கும். உங்க முளை நின்றுபோனதற்கு இதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

இன்னொன்று, டெண்ட்ரோபியத்தில் புது வேர் பெரும்பாலும் புது முளையின் அடியிலிருந்துதான் கிளம்பும். செத்த வேரின் நுனியில் பவுடர் தடவி ஒரு புண்ணியமும் இல்லை, முளையை அமுக்கி வைத்துக்கொண்டு வேர் வா வா என்றால் எங்கிருந்து வரும்?

இளநீரில் சைட்டோகைனின் என்கிற இன்னொரு வகை ஹார்மோன் இருப்பது உண்மைதான். ஆனால் அங்கே கிருமி நீக்கிய பாட்டிலுக்குள் சேர்க்கிறார்கள், மாடியில் ஊற்றினால் அதிலுள்ள சர்க்கரைக்கு எறும்பும் பூஞ்சையும்தான் வரும். அதோடு சைட்டோகைனின் தூண்டுவது முளையை, வேரை இல்லை.

திருநகர் மாடி:
சரிண்ணே, நிறுத்திவிடுகிறேன். ஊற்றியதை எப்படி எடுப்பது? கரி மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அது பூஞ்சையா?

ஒத்தக்கடைக்காரன்:
தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தால் உப்பு. நம்ம ஊர்ப் பக்கம் போர் தண்ணீர் பல இடத்தில் உப்புதான், ஆர்கிட் வேருக்கு அது ஆகவே ஆகாது. வேரைச் சுற்றியிருக்கிற வெள்ளைப் பஞ்சு உறை தண்ணீரை உறிஞ்சுகிற வேகத்தில் உப்பையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ தொட்டி வழியாக நிறைய ஓடவிட்டுக் கழுவுங்க, ஊறியிருக்கிற மருந்தும் கொஞ்சம் போகும். கரி ரொம்ப வெளுத்திருந்தால் மாற்றிவிடுங்க. தேங்காய் மட்டை போடுவதாக இருந்தால் பல தண்ணீரில் ஊறவைத்து அலசிய பிறகுதான், அதிலும் உப்பு உண்டு.

அப்புறம் செடி ஆடுகிறதா பாருங்க. இந்த ஆடிக் காற்றில் மாடியில் தொங்கினால் புது வேரின் பச்சை நுனி உரசியே கருகிவிடும். தண்டை ஒரு குச்சியோடு கட்டி, சுவர் ஓரம் காற்று அடிக்காத நிழலில் வைங்க. உரம் இப்போது வேண்டாம்.

செடிப்பித்து:
அப்போ கடல்பாசிக் கரைசல்? மண்டபம் பக்கம் வளர்க்கிற பாசியிலிருந்து எடுத்தது என்று ஒரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். பஞ்சகவ்யமும் இருக்கிறது.

ஒத்தக்கடைக்காரன்:
கடல்பாசியில் ஆக்சின், சைட்டோகைனின் இரண்டுமே லேசாக இருக்கும். முளை நகர ஆரம்பித்த பிறகு, பாட்டிலில் போட்ட அளவில் பாதி போதும். பஞ்சகவ்யம் வயலுக்கு 3% நல்லதுதான், ஆனால் வேர் அழுகி வந்த செடித் தொட்டியில் நான் ஊற்ற மாட்டேன், நாற்றம் வேறு.

திருநகர் மாடி:
முளையே கருகிப்போனால்?

ஒத்தக்கடைக்காரன்:
பழைய தண்டு இலை கொட்டி மொட்டையாக நின்றாலும் வெட்டாதீங்க, முளைக்குச் சாப்பாடு அதிலிருந்துதான் வருகிறது. அதன் கணுவிலிருந்தே குட்டிச் செடி வரலாம். வந்தால் அதற்குத் தானாகவே வேர் விடும், இரண்டு மூன்று அங்குல நீளம் வேர் வந்ததும் பிரித்து வைங்க. அந்தக் குட்டிக்கு எந்தப் பவுடரும் வேண்டாம்.