கோடோட் 4: பார் சார்ட்டில் மௌஸ் வைத்தால் கலர் மாறுதில்லை

வெள்ளவத்தை_மழை:
கேம் செய்யிற மென்பொருளான கோடோட் 4இல தரம் 9 பிள்ளைகளுக்குப் புவியியல் கேம் ஒன்று செய்யிறன். கொழும்பின் மாத மழைவீழ்ச்சி, 1961–1990 சராசரி, 12 பார்களாக வரவேணும். ஜனவரி 58.2 மி.மீ, நவம்பர் 414.4. கன்ட்ரோல் நோட் (திரையில வைக்கிற ஒரு உறுப்பு) ஒன்றில், வரையிற பங்ஷனான ‘_டிரா’வுக்குள்ள செவ்வகம் வரையிற ‘டிரா_ரெக்ட்’ போட்டிருக்கிறன், படம் வடிவா வருது. மௌஸ் போகிற பார் மஞ்சளாகி அளவைக் காட்டவேணும். மௌஸ் அசைவு வந்து சேருகிற ‘_இன்புட்’டில் பிரிண்ட் போட்டால் பார் இலக்கம் மாறுது, திரையில ஒரு அசைவும் இல்லை. டுடோரியலில் சொன்ன ‘அப்டேட்’டைக் கூப்பிட்டால் எரர் அடிக்குது.

தெஹிவளை_கோடர்:
அது கோடோட் 3க்கான டுடோரியல். 4இல் பெயர் ‘கியூ_ரீட்ரா’, திரும்ப வரையச் சொல்லுறது. ‘_டிரா’ ஒவ்வொரு பிரேமுக்கும் (திரை புதுப்பிக்கிற ஒவ்வொரு தடவைக்கும்) ஓடாது. ஒருக்கா வரைஞ்சதைத்தான் இன்ஜின் திரும்பத் திரும்பக் காட்டும், நீங்கள் கேட்டால்தான் புதுசா வரையும். பார் இலக்கம் மாறுகிற நேரம் மட்டும் கூப்பிடுங்கோ.

வெள்ளவத்தை_மழை:
நன்றி அண்ணா, கலர் மாறுது! ஆனால் மே மேல வைக்க ஜூலை மஞ்சளாகுது. இடப்பக்கம் மெனு போட்ட பிறகுதான் இப்படி.

தெஹிவளை_கோடர்:
‘_இன்புட்’ தருகிற இடம் முழுத் திரையின்ர மூலையிலிருந்து. மெனுவின்ர அகலமும் அதுக்குள்ள சேர்ந்திட்டுது. கோட் வரிகளை அப்படியே ‘_ஜியூஐ_இன்புட்’டுக்கு மாத்துங்கோ, அது சார்ட்டின்ர மூலையிலிருந்து அளந்து தரும்.

இன்னொன்று. பாரின்ர செவ்வகத்துக்குள்ள மௌஸ் நிக்குதா என்று பார்க்கவேண்டாம். ஜனவரி பார் அவ்வளவு குட்டை, பிள்ளைகள் அதைப் பிடிக்கக் கஷ்டப்படுவினம். சார்ட்டின்ர அகலத்தை 12ஆல பிரித்து, மௌஸின்ர எக்ஸை (இடமிருந்து வலமாக அளக்கிற தூரம்) அதால வகுத்தால் வருகிற முழு எண்தான் மாதம், 0 என்றால் ஜனவரி. அது 0க்கும் 11க்கும் வெளியில போகாமல் கிளாம்ப் பண்ணுங்கோ. பாருக்கு மேல வெற்றிடத்தில மௌஸ் நின்றாலும் வேலை செய்யும்.

வெள்ளவத்தை_மழை:
மாத்தினதும் பிரிண்ட்டே வருதில்லையே?

கொட்டாஞ்சேனை_கேம்ஸ்:
பின்னணிக்குக் கலர்ரெக்ட் (ஒரே நிறச் செவ்வகம்) ஒன்றைச் சார்ட்டுக்குள்ள பிள்ளை நோட்டாகப் போட்டிருக்கிறீங்களா? அதின்ர மௌஸ் ஃபில்டர் செட்டிங் வழமையா ‘ஸ்டாப்’, மௌஸை அதோட நிறுத்திவிடும். பார்களுக்குப் பின்னால தெரியிற மாதிரி வைத்தாலும் மௌஸை அதுதான் முதல்ல வாங்கும். ‘இக்னோர்’ ஆக்குங்க. மௌஸ் வெளியில போகிற நேரம் வருகிற ‘மௌஸ்_எக்சிட்டட்’ சிக்னலில் இலக்கத்தை -1 (எந்தப் பாரும் இல்லை) ஆக்கி ‘கியூ_ரீட்ரா’ கூப்பிடுங்க, இல்லாட்டி வெளியில போன பிறகும் மஞ்சள் நிக்கும்.

வெள்ளவத்தை_மழை:
அந்தக் கலர்ரெக்ட்தான்! இப்ப ஜனவரியும் லேசாப் பிடிபடுது. பிள்ளைகள் போனில விளையாடினால்?

கொட்டாஞ்சேனை_கேம்ஸ்:
தொடுகையை மௌஸ் கிளிக்காக மாத்துற செட்டிங் புரொஜெக்ட்டில் ஏற்கனவே ஒன் ஆகத்தான் இருக்கும். மௌஸ் பட்டன் ஈவென்ட்டுக்கும் அதே கணக்கைப் போடுங்க, தட்டினால் அளவு வரும்.