சிறு நுணுக்கங்களில் லயித்துப்போகும் மகனுக்காக ஓர் உதவி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் தக்கலைக்கு அருகில் வசிக்கிறோம். ஆட்டிசம் உள்ள எங்கள் ஒன்பது வயது மகன், கூரையின் கண்ணாடி ஓடு வழியாக விழும் வெயிலில் தூசி மிதப்பதை, கையில் கொடுத்த பால் ஆறி ஆடை படியும் வரை பார்த்துக்கொண்டிருப்பான். பத்மநாபபுரம் அரண்மனையின் நுழைவு மண்டபமான பூமுகத்தின் மர விதானத்தில் செதுக்கப்பட்டுள்ள 90 வகைப் பூக்களில் அவன் மூன்றாவதைக் கடப்பதற்குள் பின்னால் வந்த கூட்டம் எங்களை நகர்த்திவிட்டது. அன்று அவன் அழுத அழுகை சொல்லி மாளாது.

இதை அடம் என்று உறவினர்கள் கூறுவதை நான் ஏற்கவில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கண்டறிதல் கையேடே, ஒளியிலும் அசைவிலும் ஏற்படும் இத்தகைய ஈர்ப்பை ஆட்டிசத்தின் புலனுணர்வுக் கூறுகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. ஆயினும் வகுப்பில், சுண்ணாம்பு உரிந்த சுவரின் விளிம்பில் மூழ்கியிருப்பவனைத் தோளைத் தொட்டுத் திருப்பினால் பதறிவிடுகிறான்.

இத்தகைய பிள்ளைகளை வளர்ப்பவர்களும், குறிப்பாக, ஆட்டிசம் உள்ள பெரியவர்களும் தங்கள் அனுபவத்தைப் பகிர வேண்டுகிறேன். எப்படி அழைத்தால் அவன் பதறாமல் திரும்புவான்? பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுக்கலாமா? அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதை அறிவேன். மற்ற நாள்களில் கூட்டம் குறைந்த நேரம் எது என்பதையும் அக்கம்பக்கத்தினர் தெரிவித்தால் மீதிப் பூக்களையும் அவனுக்குக் காட்டிவிடுவேன்.