பிசையாத ரொட்டி: உள்ளே மட்டும் வேகாத இட்லி மாதிரி

சிங்கப்பூர் தோ பாயோவில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. சமையலறை இரவிலும் 29, 30 டிகிரி. ஒரு மாதமாகப் பிசையாத ரொட்டி (மாவைப் பிசையாமல் கலந்து, பல மணி நேரம் புளிக்க விட்டுச் சுடுவது) சுடுகிறேன். மேலோடு அருமை. அறுத்தால் மேலே எலி வளை போல ஒரு பொந்து, கீழே பிசுபிசுவென்று கத்தியில் ஒட்டுகிறது.

ரொட்டி மாவு 400 கிராம், தண்ணீர் 300, உப்பு 8, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் கால் தேக்கரண்டி. வெளியே 12 மணி நேரம் வைத்ததில் புளித்த வாடை. ஈஸ்ட்டைப் பாதியாக்கி 8 மணி நேரம் வைத்தேன், கொஞ்சம் தேவலை. அப்புறம் தண்ணீரை 280 ஆக்கினேன். பொந்து போனது, பிசுபிசுப்பு போகவில்லை. வார்ப்பிரும்புச் சட்டியில் 230 டிகிரி, மூடி 30 நிமிடம், திறந்து 15. முழுக்க ஆறிய பிறகே அறுக்கிறேன் (முதல் தடவை பிள்ளைகள் விடவில்லை).

இனி குளிர்பதனப் பெட்டிதான் மிச்சம். நம்மூர்ச் சூட்டில் மாவை எத்தனை மணி நேரம் வெளியே விட்டு உள்ளே வைக்கிறீர்கள்?